நிறத்திலிருந்து நிழலுக்கு: என் முதல் குவில்ட்களும் அண்மையில் முடித்தவையும்

குவில்ட் தைக்கத் தொடங்கும் எவரும் நிறத்தைப் பார்த்துத்தான் துணி எடுக்கிறார்கள். பிடித்த நீலம், பிடித்த மஞ்சள், கண்ணைப் பறிக்கும் பூப்போட்ட சிவப்பு என்று சேர்த்துக்கொண்டே போய், சேர்ந்த அத்தனையையும் ஒரே போர்வைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் முதல் வெட்டு விழுகிறது. என் முதல் குவில்ட்களும் அப்படித்தான் பிறந்தன. அண்மையில் முடித்தவற்றை அவற்றின் பக்கத்தில் விரித்துப் பார்க்கும்போது, தையல் நேராகியிருப்பதும் முனைகள் கூடி வந்திருப்பதும் எனக்குப் பெரிய வேறுபாடாகத் தெரியவில்லை. அவை கை பழகப் பழகத் தாமாக அமைபவை. முன்பு நான் நிறங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன், இப்போது வெளிரையும் அடரையும் அடுக்குகிறேன் என்பதுதான் என் கண்ணுக்கு முதலில் படும் வேறுபாடு. நிறம் அதற்குப் பின்புதான் வருகிறது. ஒரு குவில்ட்டில் அது வரவே இல்லை.

தையல் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. துண்டுத் துணிகளை இணைத்துச் செய்த மேலடுக்கு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி ஆகிய மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலால் ஒன்றாகப் பிணைத்து, சுற்றிலும் ஓரப்பட்டி வைத்து முடிப்பதே குவில்ட். துண்டுகளை இணைப்பது ஒரு வேலை, மூன்று அடுக்குகளைப் பிணைப்பது இன்னொரு வேலை. பார்ப்பவர் கண் முதல் வேலையிலேயே நின்றுவிடுகிறது. தைப்பவரும் தொடக்கத்தில் அங்கேயே நின்றுவிடுவதுண்டு.

என் முதல் முழு அளவு முயற்சி ஒன்பது கட்டம் என்ற வடிவமைப்பு. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று சதுரம். மூன்றரை அங்குலத்தில் வெட்டிய சதுரங்கள் தைத்த பிறகு மூன்று அங்குலமாகச் சுருங்கி, ஒன்பது அங்குலக் கட்டமாகத் திரளும். இதைவிட எளிய வடிவமைப்பு குவில்ட்டில் அதிகம் இல்லை. ஐந்து கட்டம் அகலமும் ஆறு கட்டம் நீளமுமாகத் தைத்த அந்தப் போர்வையை மடியில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு துணியும் அழகாக இருக்கும்: சிறு இலைகள், புள்ளிகள், பறவைகள், கொடிகள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கட்டம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே பிடிபடாது. பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே நிறத்தில் எவ்வளவோ தூரம் இருந்தும், நான் எடுத்த பச்சையும் நான் எடுத்த சிவப்பும் ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்புபவை. கண்ணைச் சற்றே இடுக்கிக்கொண்டு பார்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஒன்பது கட்டத்தின் உயிரே ஐந்து சதுரம் அடராகவும் நான்கு சதுரம் வெளிராகவும் மாறி மாறி நிற்பதில்தான் இருக்கிறது. ஒன்பதும் நடுத்தரமாகிவிட்டால் அது அழகான துணிகளின் கூட்டமாக மட்டும் எஞ்சுகிறது. ஆனாலும் அந்தப் போர்வை இன்றும் தினசரிப் பயன்பாட்டில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமும் இல்லை, காரணமும் இல்லை. வெளிரும் அடரும் அல்லாத நடுத்தரத் துணிகள் அழுக்கையும் கறையையும் காட்டிக்கொடுப்பதில்லை என்பது தனி நன்மை.

ஒன்பது கட்டம் கற்றுத்தரும் இன்னொரு பாடம் கணக்கு. குவில்ட்டில் தையலுக்கு விடும் விளிம்பு கால் அங்குலம். அந்தக் கால் அங்குலத்தில் வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடிப்போனால் என்ன ஆகும் என்று ஒற்றைத் தையலைப் பார்த்து யாரும் கவலைப்படமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு தையலும் இருபுறத்துத் துணியிலும் அந்த வீசத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு, குறைகிறது. ஐந்து கட்டம் அகலத்தில் பதினைந்து சதுரங்கள், அவற்றுக்கிடையே பதினான்கு தையல்கள். மொத்தத்தில் ஒன்றே முக்கால் அங்குலம் காணாமல் போகிறது. எல்லாத் தையலும் ஒரே அளவில் பிசகினால்கூடப் பரவாயில்லை, போர்வை சிறிதாகும், அவ்வளவுதான். ஒன்று கூடியும் ஒன்று குறைந்தும் பிசகும்போதுதான் வரிசைகள் ஒன்றோடொன்று சேர மறுக்கின்றன. அனுபவமுள்ளவர்கள் கால் அங்குலத்துக்கு நூலிழை குறைவாகவே தைக்கிறார்கள். தைத்து மடித்துத் தேய்க்கும்போது மடிப்பின் தடிமன் அந்த நூலிழையை எடுத்துக்கொள்ளும். ஊசியின் இடத்திலிருந்து கால் அங்குலம் அளந்து இயந்திரத்தின் தட்டில் தடித்த நாடாவை ஒட்டிவைத்து, துணியின் ஓரம் அதில் உரசியபடி நகருமாறு தைப்பது இதற்கு எளிய வழி. இதற்கெனத் துணியை அழுத்திப் பிடிக்கும் தனிப் பாதம் வாங்கிய பிறகும் நான் நாடாவைத்தான் நம்புகிறேன்.

தேய்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிர்–அடர் விவகாரம் என் கவனத்துக்கு வந்ததே இஸ்திரிப் பெட்டியின் வழியாகத்தான். தைத்த விளிம்புகள் இரண்டையும் அடர் துணியின் பக்கம் மடித்துத் தேய்க்க வேண்டும் என்பது குவில்ட்டில் எல்லோரும் சொல்லும் விதி. நான் அதை முதலில் வெறும் மரபாக எடுத்துக்கொண்டேன். ஒருமுறை வெள்ளைத் துணியின் அடியில் கருநீல விளிம்பு சிக்கிக்கொண்டபோது, மேலிருந்து பார்த்தால் வெள்ளையின் ஓரம் முழுவதும் சாம்பல் நிறக் கோடு ஒன்று ஓடியது. வெளிர் துணி அடியில் இருப்பதைக் காட்டிவிடும், அடர் துணி விழுங்கிவிடும். இந்த விதிக்கு இன்னொரு பயனும் உண்டு. பக்கத்துப் பக்கத்து வரிசைகளின் விளிம்புகள் எதிரெதிர்த் திசையில் மடிந்திருந்தால், இரண்டு வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது மடிப்பின் மேடுகள் ஒன்றோடொன்று பொருந்தி இறுகும். விரல் நுனியால் தடவினாலே அந்தப் பொருத்தம் தெரியும். அந்த இடத்தில் குண்டூசி தேவைப்படுவதில்லை. தேய்ப்பது என்றுதான் சொல்கிறோம், ஆனால் சட்டைக்குத் தேய்ப்பதுபோல் முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்தால் துணி வளையும், சதுரம் சதுரமாக இருக்காது.

அடுத்து நட்சத்திரங்கள். முக்கோணம் தைக்கத் தெரிந்துவிட்டால் குவில்ட்டில் பாதிக் கதவுகள் திறந்துவிடும். இரண்டு சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு வைத்து, மூலைவிட்டமாகக் கோடு கிழித்து, கோட்டின் இருபுறமும் கால் அங்குலத்தில் தைத்து, கோட்டின் மேலேயே வெட்டினால் இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த சதுரம் இரண்டு கிடைக்கும். நான்கு அங்குலத்தில் முடிய வேண்டுமானால் சதுரம் நாலே முக்காலே அரைக்கால் அங்குலம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நான் ஐந்து அங்குலத்திலேயே வெட்டி, தைத்த பிறகு நாலரைக்குச் செதுக்கிவிடுகிறேன். மூலைவிட்டமாக வெட்டிய ஓரம் பாவுக்கும் ஊடைக்கும் குறுக்கே செல்வதால் இழுத்த இழுப்புக்கு நீளும். முதலில் தைத்துவிட்டுப் பிறகு வெட்டும் இந்த முறையில், நீளும் ஓரம் வெளியே வருவதற்கு முன்பே தையல் அதைப் பிடித்துக்கொள்கிறது.

ஓஹையோ நட்சத்திரம் என்று அழைக்கப்படும் கட்டத்தில் நடுச் சதுரத்தைச் சுற்றி எட்டு முனைகள் விரியும். அதை நான் ஊதாவும் பச்சையும் கலந்து தைத்தேன். துணிக்குவியலில் இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டின. கட்டத்தைச் சுவரில் மாட்டிய பின் சில முனைகள் கூர்மையாகத் தெரிந்தன, சில முனைகள் பின்னணியில் கரைந்துவிட்டன. காரணம் புரியாமல் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். கரைந்த முனைகளும் அவற்றின் பின்னணியும் அந்தப் படத்தில் ஒரே சாம்பலாக இருந்தன. அன்றிலிருந்து வெட்டுவதற்கு முன் துணிகளை வரிசையாக அடுக்கி, கறுப்பு வெள்ளைப் படம் எடுக்காமல் நான் கத்தியைத் தொடுவதில்லை. இதற்கென்று சிவப்புக் கண்ணாடித்தாள் வில்லைகளும் கிடைக்கின்றன. அதன் வழியே பார்த்தால் நிறம் மறைந்து வெளிரும் அடரும் மட்டும் தெரியும் என்பார்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் அது உதவும். சிவப்புத் துணியோ அதன் வழியே உள்ளதைவிட வெளிராகத் தெரிந்து ஏமாற்றும். கைப்பேசிப் படமே மேல்.

கடையில் ஒரே தொகுப்பாகக் கட்டிவைத்திருக்கும் துணிக் கட்டுகளின் மீது எனக்கு நம்பிக்கை குறைந்ததும் இந்தக் காலத்தில்தான். ஒரே வடிவமைப்பாளர் வரைந்த, ஒன்றுக்கொன்று பொருத்தமான துணிகள் அவை. பொருத்தம் என்பதே பெரும்பாலும் எல்லாம் வெளிரும் அடருமின்றி நடுத்தரமாக இருப்பதுதான். கட்டாகப் பார்க்க அவ்வளவு இனிமையாக இருப்பவை, வெட்டித் தைத்ததும் மங்கிப்போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இப்போது அப்படி ஒரு கட்டை வாங்கினால், அதில் இல்லாத மிக வெளிர் துணி ஒன்றையும் மிக அடர் துணி ஒன்றையும் வெளியிலிருந்து சேர்க்காமல் தொடங்குவதில்லை. பெரும்பாலும் அந்த இரண்டுதான் வேலையைச் செய்கின்றன.

இடையில் தலையணை உறைகள், மேசை விரிப்புகள், காகித அச்சின் மேல் துணியை மடித்துக் கையால் கோக்கும் அறுகோணங்கள் என்று சிறு வேலைகள் பல செய்தேன். அறுகோணங்களைப் பயணத்தில் தைக்கலாம். அது ஒன்றே அவற்றைப் பற்றி நான் சொல்லக்கூடிய பெரிய நன்மை.

அந்தத் தொடக்கக்காலக் குவில்ட்கள் அனைத்திலும் பிணைப்புத் தையல் ஒரு சடங்காகவே இருந்தது. மேலடுக்கு முடிந்தவுடன் குவில்ட் முடிந்ததாக எண்ணி, இணைப்புத் தையலின் பள்ளத்திலேயே இயந்திரத்தை ஓட்டிவிட்டு எழுந்துவிடுவேன். மூன்று அடுக்குகளையும் ஒரே வேகத்தில் நகர்த்துவதற்கு வாக்கிங் ஃபுட் என்ற பாதம் உண்டு. சாதாரணப் பாதத்தில் அடியில் உள்ள பற்கள் அடித்துணியை மட்டும் பிடித்து இழுக்க, மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழும். இதில் மேலிருந்தும் ஒரு பல்வரிசை இறங்கி மேல்துணியையும் கூடவே நகர்த்தும். அதை மாட்டிக்கொண்டு நேர்கோட்டில் போவது சுலபம். ஆனால் பள்ளத்தில் ஓடும் தையல் கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் நோக்கமும். தெரிய வேண்டிய தையல் என்று ஒன்று உண்டு என்பதை நான், எளிய வாழ்வை நெறியாகக் கொண்ட அமிஷ் கிறித்தவர்களின் குவில்ட்களைப் பார்த்துத்தான் உணர்ந்தேன்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதி அமிஷ் பெண்கள் தைத்த பழைய குவில்ட்களில் அச்சிட்ட துணியே கிடையாது. ஒரே நிறக் கம்பளித் துணிகள். நடுவில் பெரிய சாய்சதுரம், சுற்றிலும் அகலமான கரை. இணைப்பு வேலை அவ்வளவுதான், சில பெரிய துண்டுகளில் முடிந்துவிடும். ஆனால் அந்த வெற்றுப் பரப்பு முழுவதும் இறகுகளும் மாலைகளும் கட்டக் கோடுகளுமாக நுண்ணிய கைத்தையல் நிறைந்திருக்கும். அதே மக்கள் தைத்த வெயிலும் நிழலும் என்ற இன்னொரு வகையில், சிறு சதுரங்கள் நடுவிலிருந்து வளையம் வளையமாக வெளிரிலிருந்து அடருக்கும் அடரிலிருந்து வெளிருக்கும் போய்த் திரும்பும். 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம், ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் திரட்டிய அமெரிக்கக் குவில்ட்களை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் காட்டியது. படுக்கையில் விரித்துக் குனிந்து பார்க்கும் பொருளைத் தள்ளி நின்று பார்க்க வைத்தார்கள். தூரம்தான் வெளிரையும் அடரையும் பிரித்துக்காட்டுகிறது. அருகில் வந்தால் பூவும் புள்ளியும் கண்ணைத் தம்பக்கம் இழுத்துவிடும். என் தையல் அறையில் ஒரு சுவர் முழுக்க வெள்ளை ஃபிளானல் துணியை ஒட்டியிருக்கிறேன். வெட்டிய துண்டுகள் ஊசியில்லாமலே அதில் ஒட்டிக்கொள்ளும். தைப்பதற்கு முன் எல்லாமே சில நாட்கள் அங்கே தங்குகின்றன.

அண்மையில் முடித்தவற்றில் முதலாவது மரவீடு. ஆங்கிலத்தில் லாக் கேபின் என்பார்கள். நடுவில் சிறு சதுரம், மரபாகச் சிவப்பு; அதைச் சுற்றிப் பட்டைகள். ஒரு பக்கம் ஒரு பட்டை, திருப்பி அடுத்த பக்கம் ஒரு பட்டை என்று சுற்றிச் சுற்றி வரும்போது, அடுத்தடுத்த இரண்டு பக்கங்களுக்கு வெளிர்த் துணியும் மற்ற இரண்டு பக்கங்களுக்கு அடர்த் துணியும் வைக்க வேண்டும். கட்டம் முடியும்போது மூலைவிட்டத்துக்கு ஒருபுறம் வெயிலும் மறுபுறம் நிழலுமாகப் பிரிந்திருக்கும். ஒன்றரை அங்குலத்தில் வெட்டிய பட்டைகள், நான்கு சுற்று, பதினாறு பட்டைகளும் ஒரு நடுச்சதுரமும்; கட்டத்தின் முடிவளவு ஒன்பது அங்குலம். எட்டுக்கு எட்டாக அறுபத்து நான்கு கட்டங்கள் சேர்ந்தால் எழுபத்திரண்டு அங்குலச் சதுரப் போர்வை. மொத்தம் 1088 துண்டுகள்.

இத்தனை துண்டுகளுக்கும் நான் புதுத் துணி ஒன்றுகூட வாங்கவில்லை. பல ஆண்டு வெட்டுமிச்சங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன; அவற்றை நிறம் பாராமல் வெளிர், அடர் என்று இரண்டு கூடைகளில் பிரித்துப் போட்டேன். மஞ்சளும் இளஞ்சிவப்பும் வெளிர் பச்சையும் ஒரு கூடையில், பழுப்பும் கருநீலமும் ஆழ்ந்த ஊதாவும் மறு கூடையில். தைக்கும்போது கூடைக்குள் கைவிட்டுக் கிடைத்ததை எடுப்பது, பக்கத்தில் அதே துணி வந்துவிட்டால் மட்டும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். என் பழைய குவில்ட்களில் ஒன்றோடொன்று சேராது என்று ஒதுக்கிய துணிகளெல்லாம் இங்கே அக்கம்பக்கமாக அமர்ந்து எந்தத் தகராறும் செய்யவில்லை. இந்தக் கட்டத்துக்கு இன்னொரு வசதி, தைத்து முடித்த பின்பும் முடிவெடுக்கலாம். ஒரே அறுபத்து நான்கு கட்டங்களை ஒருவிதமாகத் திருப்பி அடுக்கினால் நடுவிலிருந்து சாய்சதுரங்கள் ஒன்றையொன்று சூழ்ந்து விரியும். வேறுவிதமாகத் திருப்பினால் உழவுசால்கள்போல மூலைவிட்டக் கோடுகள் ஓடும். ஃபிளானல் சுவரில் இரண்டையும் மாறி மாறி வைத்துப் பார்த்து, கடைசியில் சாய்சதுரத்தையே எடுத்துக்கொண்டேன். பட்டைகளை நேராக வெட்ட ரோட்டரி கட்டர் இல்லாவிட்டால் இந்த வேலையில் நான் இறங்கியிருக்கவே மாட்டேன். ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் அந்தச் சக்கரக் கத்தியைக் கொண்டுவருவதற்கு முன் ஒவ்வொரு பட்டையையும் கோடு கிழித்துக் கத்தரிக்கோலால் வெட்டியவர்கள் எத்தனை பொறுமைசாலிகள் என்று வெட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, பழைய சட்டைகளில் தைத்தது. அலபாமா ஆற்றின் வளைவில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்த குவில்ட்கள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு விட்னியிலும் காட்சிக்கு வைக்கப்பட்டபோது உலகறிந்தவையாயின. அவற்றுள் வேலை உடுப்புகளிலிருந்து தைத்தவை என்னை விடவில்லை. மிசூரி பெட்வே 1942-இல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு குவில்ட் தைத்தார். அவரை நினைத்துப் போர்த்திக்கொள்வதற்காக. இவ்வகைக் குவில்ட்களில் டெனிம் துணியின் பல நீலங்கள் ஒரே துணியிலிருந்தே வருகின்றன. முழங்கால் தேய்ந்து வெளுத்திருக்கும், பையைப் பிரித்தெடுத்த இடத்தில் வெயில் படாத பழைய நீலம் சதுரமாக அப்படியே நிற்கும். சாயக்காரர் தராத வெளிர்–அடர் வரிசையை உடுத்தியவரின் உழைப்பு தந்திருக்கிறது.

நான் எடுத்தவை தேய்ந்த பருத்திச் சட்டைகள். முதுகுப் பகுதியில்தான் தையலில்லாத பெரிய துணி கிடைக்கும். முன்பக்கத்தில் பையைப் பிரித்த இடத்தை வேண்டுமென்றே துண்டின் நடுவில் வருமாறு வெட்டினேன். இந்தக் குவில்ட்டில் எனக்குக் கிடைத்த கண்டுபிடிப்பு துணியின் பின்பக்கம். அச்சிட்ட துணியைத் திருப்பிப் பார்த்தால் அதே வடிவம் பால் கலந்ததுபோல் மங்கித் தெரியும். ஒரே துணியில் அடரும் வெளிரும். அடர் நீலக் கோட்டுச் சட்டையின் நல்ல பக்கத்தை ஒரு சதுரத்துக்கும் பின்பக்கத்தை அடுத்த சதுரத்துக்கும் வைத்தபோது, வேறு எந்தத் துணிகளைச் சேர்த்தும் வராத ஒற்றுமையோடு வெளிரும் அடரும் வந்தன. நெய்த கட்டத் துணிகளுக்கு இது பலிக்காது. நூலிலேயே சாயமிருப்பதால் அவற்றுக்கு இருபுறமும் ஒன்றுதான். நைந்த துணியை வெட்டும் முன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது. இழைகளுக்கிடையே வெளிச்சம் தாராளமாக வந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும், சட்டையின் மீது எவ்வளவு பாசம் இருந்தாலும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய வேலை. அதில் துண்டுகளே இல்லை. ஒரே தந்த நிறப் பருத்தி சாட்டின், ஒரே நிற நூல், ஒரே துணியாலான மேலடுக்கு. வடிவம் முழுவதும் பிணைப்புத் தையலால் மட்டுமே வருவது. இந்த வகை மிகப் பழையது. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் தைக்கப்பட்ட டிரிஸ்டன் குவில்ட்டின் பகுதிகள் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் ஃபிளாரன்ஸின் பார்ஜெல்லோவிலும் இருக்கின்றன. லினன் துணிக்குள் பஞ்சு திணித்து, தையலால் கோடு வரைந்து, டிரிஸ்டன் என்ற பழங்கதை வீரனின் போர்க்கதைக் காட்சிகளைப் புடைப்புச் சிற்பமாக எழுப்பியிருக்கிறார்கள். நிறத்தின் துணையில்லாமல் உருவம் தெரிகிறதென்றால் அது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் விழும் நிழலால்தான்.

நிழல் வேண்டுமென்றால் பஞ்சில் தொடங்க வேண்டும். பருத்திப் பஞ்சு விரிப்பு தட்டையானது, கனமானது; துவைத்தால் மூன்று முதல் ஐந்து விழுக்காடு வரை சுருங்கி, போர்வை முழுவதும் சிறு சுருக்கங்களை எழுப்பும். மரவீட்டுக்கு அதுதான் பொருத்தம். கம்பளி விரிப்பு எடை குறைந்து, உப்பலாக, மடித்து வைத்தாலும் மடிப்புக்கோடு தங்காமல் எழும்பி நிற்கும். ஒற்றைத் துணிக் குவில்ட்டுக்குக் கம்பளியை எடுத்தேன். நடுவில் இறகு மாலை. அதன் பின்னணியில் அரை அங்குலக் கட்டக் கோடுகள். நெருங்கித் தைத்த பின்னணி அமுங்கிப்போக, தைக்காமல் விட்ட இறகுகள் தாமாக மேலெழும்பும். இறகை உயர்த்துவதற்கு இறகில் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதைச் சுற்றி அழுத்தினால் போதும். மேலிருந்து நேராக வெளிச்சம் விழுந்தால் அந்தக் குவில்ட்டில் ஒன்றுமே இருக்காது. பக்கவாட்டில் சன்னல் வெளிச்சம் பட்டால் மாலை முழுவதும் எழுந்து நிற்கும். இயந்திரத்தில் இதைத் தைப்பவர்கள் பற்களை இறக்கிவிட்டுத் துணியைக் கையால் நகர்த்துவார்கள். நான் இறகுகளையும் கட்டங்களையும் கையாலேயே தைத்தேன்.

கைத்தையலுக்கு ஊசி குட்டையாக இருக்க வேண்டும். பிட்வீன்ஸ் என்ற வகையில் ஒன்பதாம் எண்ணிலிருந்து பன்னிரண்டு வரை. எண் ஏற ஏற ஊசி சிறுக்கும். வளையச் சட்டத்தில் துணியைச் சற்றுத் தளர்வாகவே பூட்டி, வலது நடுவிரலில் விரலுறை அணிந்து, இடது கையைச் சட்டத்துக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊசியைச் செங்குத்தாக இறக்கி, அடியிலுள்ள விரலில் அதன் முனை பட்டும் படாமலும் தட்டியவுடன் விரலால் மேல்நோக்கி அழுத்தி, விரலுறையால் ஊசியைச் சாய்த்தால் முனை மேலே எட்டிப்பார்க்கும்; மீண்டும் நிமிர்த்து, மீண்டும் சாய்த்து, மூன்று நான்கு தையல்கள் ஊசியில் ஏறிய பிறகு நூலை இழுக்க வேண்டும். தொடங்கும் முடிச்சை மறைப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். நூல் நுனியில் சிறு முடிச்சிட்டு, தொடங்கும் புள்ளிக்கு ஓர் அங்குலம் தள்ளி மேல்துணியில் மட்டும் ஊசியை நுழைத்து, பஞ்சுக்குள்ளேயே ஓடவிட்டு, தொடங்கும் புள்ளியில் வெளியே எடுத்து, நூலைச் சுண்டி இழுத்தால், ‘டப்’ என்ற மெல்லிய ஒலியுடன் முடிச்சு துணியைத் துளைத்துப் பஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பிறகு நகத்தால் இழைகளை வருடிவிட்டால் துளையும் மூடிக்கொள்ளும். அங்குலத்துக்கு எட்டுப் பத்துத் தையல் என்று பெருமை பேசுவார்கள். என் கை அதற்குச் சற்றுக் குறைவாகவே ஓடுகிறது. ஒரே சீராக இருந்தால் கண் எண்ணுவதில்லை.

கோடு வரைவதற்கு நீரில் கரையும் நீலப் பேனா பயன்படுத்தினேன். அதன் மேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது, சூடு பட்டால் கோடு நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனாக்களுக்கு எதிர்க் குணம்: தேய்த்தவுடன் மறைந்து, கடுங்குளிரில் மீண்டும் தலைகாட்டும். நீலத்தைப் போக்கக் குவில்ட் முழுவதையும் குளிர்ந்த நீரில் ஊறவைத்தேன். ஈரத்தோடு தூக்கும்போது ஒரு முனையைப் பிடித்துத் தூக்காமல், அடியில் ஒரு துண்டை விரித்து அதோடு சேர்த்துத் தூக்க வேண்டும். இல்லையென்றால் கைத்தையல் நூல் அத்தனை எடையையும் தாங்க வேண்டிவரும். தரையில் விரித்து, ஓரங்களை நேராக்கி, விசிறிக் காற்றில் உலர்த்தினேன். ஈரத்தில் தட்டையாகக் கிடந்த இறகுகள் உலர உலர எழும்பின.

ஓரப்பட்டி வைக்கும் வேலை மூன்றுக்கும் ஒன்றுதான். இரண்டரை அங்குலப் பட்டைகளை மூலைவிட்டமாக ஒட்டுப்போட்டு, நீளவாக்கில் இரண்டாக மடித்து, மேலிருந்து இயந்திரத்தில் தைத்து, மூலை வருவதற்குக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி மடித்துக் கீழே இறக்கினால் சாய்ந்த மூலை தானே அமையும்; பின்பக்கம் கைத்தையல். ஆனால் எந்தத் துணியில் ஓரப்பட்டி என்பது மூன்றிலும் மூன்று கேள்வி. மரவீட்டுக்கு மிக அடர் பழுப்பு வைத்தேன். வெளிர் மூலைகள் வெளியே கசிந்துவிடாமல் அது வேலியாக நிற்கிறது. சட்டைக் குவில்ட்டுக்குச் சட்டைகளின் கைப்பகுதிகளையே பட்டையாக்கினேன், அதனால் ஓரம் சில இடங்களில் தெளிவாகவும் சில இடங்களில் கரைந்தும் போகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது, மற்றவர்களுக்கு முடிக்காமல் விட்டதுபோல் தெரிகிறதாம். தந்த நிறக் குவில்ட்டுக்கு அதே துணி. வேறு எதை வைத்தாலும் கண் நேராக ஓரத்துக்குப் போய்விடும்.

இப்போது ஃபிளானல் சுவரில் இருப்பது இந்த மூன்றிலிருந்தும் ஒதுங்கியவை. வெளிர்க் கூடையிலும் சேராமல் அடர்க் கூடையிலும் சேராமல் மிஞ்சிய நடுத்தரத் துணிகள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. என் முதல் ஒன்பது கட்டத்தின் துணிகளும் அதில் உண்டு. நடுத்தரத் துணிக்கென்று நிலையான அளவு கிடையாது. கருநீலத்தின் பக்கத்தில் வைத்தால் அது வெளிராகிறது, வெள்ளையின் பக்கத்தில் அதுவே அடராகிறது. ஒரே சாம்பல்–பச்சைத் துணியை மரவீட்டுக் கட்டங்களில் சிலவற்றில் வெளிர்ப் பக்கத்துக்கும் வேறு சிலவற்றில் அடர்ப் பக்கத்துக்கும் வைத்து, வெளிரும் அடரும் கட்டத்துக்குக் கட்டம் எப்படி இடம் மாறுகின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு கட்டங்கள் வரை தைத்தாகிவிட்டது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நான்கு நன்றாகத் தெரிகின்றன, மூன்று தெரியவே இல்லை, மீதி ஐந்து சன்னலைத் திறந்தால் ஒரு மாதிரியும் மூடினால் வேறு மாதிரியும் தெரிகின்றன. அந்த ஐந்தையும் வைத்துத்தான் மேலே தைக்கப்போகிறேன்.